கோடு தாண்டாத கலர்

அந்த வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் நகரும் படிக்கட்டை விட்டு இறங்கியதும் வலது பக்கம் கைப்பைக் கடை, இடது பக்கம் கழிப்பறைக்குப் போகும் வழி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீள மேஜை, மூன்று நாற்காலி, பின்னால் ஒரு பலகை. பலகையில் பதினாறு முகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். ‘பத்து நிமிடத்தில் உங்கள் கேலிச்சித்திரம்’ என்று மேலே ஓர் அட்டை. இடது நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறவர் மாஸ்டர். வலது நாற்காலியில் உட்கார்ந்து கலர் அடிக்கிறவள் அவர் மனைவி. தரை துடைக்கிறவர்கள் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் கலர் அக்கா. பத்தொன்பது வருஷமாக அப்படியே கூப்பிட்டுப் பழக்கிவிட்டதில், வங்கியில் யாராவது பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்வாள்.

அங்கே வேலை நடக்கிற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வினை எல்லாம் அதில்தான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்த ஆளை மாஸ்டர் நாலு தடவை உற்றுப் பார்ப்பார். தடித்த தூரிகைப் பேனாவால் மூன்றே நிமிஷத்தில் கோடு போட்டு முடிப்பார். மூக்கு பெரிசு, பல் பெரிசு, உடம்பு சுண்டைக்காய் அளவு. தாளை வலது பக்கம் தள்ளிவிடுவார். தள்ளிய கையோடு அடுத்தவரை உட்காரச் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அக்கா கலர் அடித்து, ஈரம் காய விசிறி, ஆளிடம் காட்டுவாள். ஆள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். கூட வந்தவர்கள் “அச்சு அசல் நீதான்டா” என்பார்கள். அந்தச் சிரிப்பு மாஸ்டர் காதில் விழும்.

“பாத்தியா, என் கோடு பேசுது” என்பார், தலையைத் திருப்பாமலே.

முடிந்த படத்தை அவர் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அது அக்கா கையிலிருந்து நேராக ஆள் கைக்குப் போய்விடும். பலகையில் இருக்கிற பதினாறும் மாதிரிக்கென்று வரைந்தவற்றிலிருந்து அவள் தேர்ந்தெடுத்து மாட்டியவை. அவருக்கு அவை முதுகுக்குப் பின்னால்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்தவள். வருகிறவர்கள் முகத்தில் சுருக்கத்தை மறைப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது. முதலாளி அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார்: எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டால் அது வேறு ஆளாகிவிடும். எது எடுக்கக் கூடாதது என்று அவர் சொல்லவில்லை. அதை அவளே ஆயிரம் முகங்களில் கண்டுபிடித்தாள். ஒருவருக்கு அது இமை மடிப்பில் இருக்கும், ஒருவருக்கு வாயோரத்தில் இருக்கும். அநேகமாகச் சின்னதாக, கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

வளாகத்தில் மேஜை போட்ட முதல் வருஷம் ஒரு பெண்மணி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “இது என் பொண்ணு மாதிரியே இல்லையே.” மாஸ்டருக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. கலை என்றால் என்ன என்று அந்தப் பெண்மணிக்கு நின்றுகொண்டே பாடம் எடுத்தார். அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கன்னத்துக் கலரைக் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் அளவு இழுத்துவிட்டாள். ஒரு இமையைப் பழுப்புப் பென்சிலால் இறக்கினாள். கீழுதட்டுக்கு அடியில் ஒரு நிழல். பெண்மணி வாங்கிப் பார்த்தாள். “அட, இப்ப சரியா இருக்கே!” என்றாள். மாஸ்டர், தன் பாடம் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரு படமும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு முகத்திலும் அக்கா கோட்டைத் தாண்டினாள். தாண்டிய இடத்தை மறுபடி கோடு போல இருட்டாக்கினாள். எப்போதாவது மாஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டால் ஒரே பாட்டுதான்: “கோட்டுக்குள்ள அடிம்மா. அது போதும்.” அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். சண்டையும் போட மாட்டாள். என்றைக்காவது ஒரு நாள் மனுஷன் திரும்பிப் பார்ப்பார், பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தாள். அது அவளுடைய முட்டாள்தனம். ஆனால் அந்த ஒரு வார்த்தை மேல்தான் அவள் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மாநாடு வந்தது.

கேலிச்சித்திரக்காரர்கள் மாநாடும் போட்டியும், வேறொரு ஊரில், மூன்று நாள். மாஸ்டர் போனில் அழைப்பைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் குதித்தார். விதிகள் வேடிக்கையாக இருந்தன. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தன்னைத் தானே கேலியாக வரைந்து, கலரோடு, முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அந்தப் படங்களைப் பேர் போடாமல், கையெழுத்தையும் மறைத்து, மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள். முதல் நாள் எல்லோரும் சுவரைப் பார்த்து, கூட்டத்தில் அந்த ஆளைத் தேட வேண்டும். உன்னை யார் கண்டுபிடிக்கிறாரோ அவர் உன்னை வரைவார், அதற்கப்புறம்தான் நீ அவரை வரையலாம். வரைந்தவை சுவருக்குப் போகும். கடைசி நாள் வந்தவர்களே ஓட்டுப் போட்டு ஜெயித்தவரைச் சொல்வார்கள். கடைசியாக ஒரு வரி: படம் முழுக்க ஒரே கையால் ஆனதாக இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை நிரப்ப மாஸ்டருக்குப் பொறுமை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். பெயர், வயது, அனுபவம் பத்தொன்பது வருஷம். அதற்குக் கீழே ‘உடன் பணிபுரிபவர் உண்டா?’ என்று ஒரு கட்டம். அந்த இடத்தில் அக்காவின் பேனா நின்றது. மாஸ்டர் டீயை உறிஞ்சினார்.

“இல்லைன்னு போடு” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பாக்கற? நீ என்ன கூட உக்காந்து வரையறியா? கலர்தானே. அதெல்லாம் எழுதினா ஏதாவது குழப்பம் பண்ணுவாங்க.”

அவள் ‘இல்லை’ என்று எழுதினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ‘இல்லை’யும் அழகாகத்தான் வந்தது. அன்று பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்றாக இரண்டு விண்ணப்பம் அனுப்பலாம் என்று அழைப்பிலேயே இருந்தது. அதை அவரும் படித்திருந்தார்.

மாநாட்டுக்கு ஆறு வாரம் இருந்தது. வளாகத்துக்கு விடுமுறை நாளான திங்கட்கிழமைகளிலும், காலை நேரங்களிலும் மாஸ்டர் வீட்டில் பயிற்சி எடுத்தார். ஒரே கை என்பதால் கலரும் தானே அடித்தார். முதலில் மகளை உட்கார வைத்தார். மகள் அதே வளாகத்தின் தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குத் தண்டின் அகலத்தையும் காதுகளின் உயரத்தையும் நாள் முழுக்க அளக்கிறவள். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குப்பா. யாரு?” என்றாள்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. குடியிருப்புக் காவல்காரரை வரைந்தார். மேல் வீட்டு ஆசிரியையை வரைந்தார். ஆசிரியை நாகரிகம் தெரிந்தவள். “என் சித்தி மாதிரி இருக்கு” என்றாள். ஒன்றிலும் சாயல் வந்து உட்காரவில்லை. மாஸ்டர் தாளைக் குறை சொன்னார், தாள் மாற்றினார். பேனாவைக் குறை சொன்னார், பேனா மாற்றினார். ஜன்னல் வெளிச்சம் சரியில்லை என்று மேஜையை மூன்று தடவை இடம் மாற்றியதில் பீரோ கதவு திறக்க வழியில்லாமல் போயிற்று. கடைசியில் கண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி மகளிடம் போனார். மகள் பரிசோதித்துவிட்டு, “பவர் அப்படியேதான்பா இருக்கு” என்றாள்.

“உங்க மெஷின் கெட்டிருக்கும்.”

அவருடைய சப்பைக்கட்டுகளைக் கேட்டுக்கொண்டே அக்கா வெங்காயம் உரித்தாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை மறைப்பானேன். கூடவே, இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்ற நப்பாசையும் இருந்தது. ஒரு நாள் மாஸ்டர் பலகையிலிருந்து இரண்டு பழைய படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் புதுப் படங்களோடு வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“அப்ப கை நல்லா ஓடியிருக்கு” என்றார் மாஸ்டர். “பழக்கம் விட்டுப் போச்சு. இன்னும் கொஞ்சம் உக்காந்தா வந்துரும்.”

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அந்தப் படங்களில் கோட்டுக்கு வெளியே நின்ற கலர் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் தெரியாதவர் போல் இருக்கிறாரா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ முகங்களைப் படித்தவள், அந்த ஒரு முகத்தைப் படிக்கப் பயந்தாள்.

சுயபடம் அனுப்ப நாலு நாள் மிச்சம் இருக்கையில் மாஸ்டர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன்னை வரைந்தார். கோடு சுமாராக வந்தது. கலர் அடித்ததும் கெட்டது. மூன்று தாள் வீணாயிற்று. நாலாவது தடவை கோட்டோடு நிறுத்திக்கொண்டார். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று அதையே இன்னொரு தாளில் ஒற்றி எடுத்தார். இரண்டையும் அக்கா முன்னால் வைத்தார்.

“சும்மா கலர் மட்டும் அடிச்சுக் குடு.”

“ஒரே கைன்னு போட்டிருக்காங்களே.”

“கோடு என்னுதுதானே? கலர் எல்லாம் சட்டை மாதிரி. சட்டையை யார் தைச்சாங்கன்னா கேப்பாங்க? ஆனா ஒண்ணு, கோட்டுக்குள்ள அடி. உன் வேலையெல்லாம் இதுல காட்டாதே.”

உன் வேலை. அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் மனுஷனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை அக்கா இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்தாள். முதல் தாளில் அவர் சொன்னபடியே செய்தாள். கண்ணும் கருத்துமாக, ஒரு மயிரிழைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி அடித்தது அதுதான் முதல் தடவை. முடித்துவிட்டுப் பார்த்தாள். மீசை இருந்தது, கண்ணாடி இருந்தது, பெரிய மூக்கு இருந்தது. ஒரு களையான ஆள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுநாள் ஞாபகம் இருக்காது.

இரண்டாவது தாளில் அவள் தன் வேலையைக் காட்டினாள். முகவாயை ஒரு நூல் தூக்கினாள், அவர் கூட்டத்தில் தூக்கிக்கொள்வது போல. கீழுதட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்தாள், யாரோ எதையோ சொல்லிவிடப் போகிறார்கள் என்று அவர் எப்போதும் இழுத்துக்கொள்வது போல. இடது கண்ணின் ஓரம், யாராவது சிரிக்கிறார்களா என்று பக்கவாட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற அந்தப் பார்வை. முடிந்தபோது தாளிலிருந்து மாஸ்டரே அவளைப் பார்த்தார். அதில் தன் கோபம் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பார்த்தால் பிரியமும் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வேலைக்குக் கிளம்பிய மகள் எட்டிப் பார்த்தாள். முதல் படத்தைக் காட்டி, “இது யாரும்மா?” என்றாள். இரண்டாவதைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அப்பா” என்றாள், கூப்பிடுகிற மாதிரி.

மாஸ்டர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். இரண்டையும் பார்த்தார். இரண்டாவதின் மேல் பார்வை நின்றது, முகத்தில் ஈயாடவில்லை. கீழுதடு உள்ளே போயிற்று, படத்தில் இருந்தது போலவே. பிறகு முதல் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இது நல்லா வந்திருக்கு. நீட்டா இருக்கு. அது என்ன, பயந்தவன் மாதிரி? கோட்டையெல்லாம் மீறி அடிச்சிருக்க பாரு.”

“நீங்க எடுத்தது உங்க மாதிரி இல்லீங்க” என்றாள் அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் படத்தைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன முதல் எதிர்வார்த்தை அது. “அதை அனுப்பினா உங்களை ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.”

“சாயலைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”

மகள் வாயைத் திறந்தாள். அக்கா கண்ணாலேயே அடக்கினாள். இது மகள் பேசித் தீருகிற பேச்சு இல்லை.

மாஸ்டர் கெட்டுப்போன தாளில் பேனா துடைக்கிறவர். ஒரு தாளையும் வீணாக்க மாட்டார். அன்று சாயங்காலம் புதுப் பேனாக்களுக்கு மை போட்டுப் பார்த்தபோது, அருகில் கிடந்த இரண்டாவது படத்தை இழுத்து அதன் மேலேயே துடைத்தார். நெற்றியில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு பட்டை. அக்கா எதிரில் உட்கார்ந்து அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டைகளை இன்னும் கொஞ்சம் அழுத்தி மடித்தாள்.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்பினார். பேனா உறை, தாள் கட்டு, மடக்கு நாற்காலி, மாத்திரை, சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அவளே எடுத்து வைத்தாள். வாசலில் நின்று, “எதையாவது விட்டுட்டேனா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் விடல” என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம் போல மேஜையைத் திறந்து வலது நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது நாற்காலி காலி. இரண்டு பேர் வந்து, “வரையறவர் இல்லையா?” என்று கேட்டார்கள். “செவ்வாய்க்கிழமை வருவார்” என்று அவளே சொல்லி அனுப்பினாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. அவளுடைய வாயும் அவருக்காகத்தான் பழகியிருந்தது. மேஜையில், அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட பேனா துடைக்கிற தாள்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. மேலே இருந்தது அந்தப் படம். நெற்றி போய்விட்டது, மூக்கு போய்விட்டது. ஒரு கண்ணும் அந்த உதடும் மிச்சம்.

நாலு மணிக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலும்.

“கூட்டமா இருக்கு” என்றார் மாஸ்டர். “எல்லாரும் ஜோடி ஜோடியா உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க.”

“உங்களை யார் வரைஞ்சாங்க?”

“காலைலேருந்து நின்னுட்டிருக்கேன். ஒருத்தரும் வரல. நான் போட்டிருக்கற சட்டையா, வெளிச்சமா, தெரியல. ஒருத்தன் என் பக்கத்துலயே நின்னு சுவத்துல என் படத்தைப் பாத்து, ‘இந்தாளு வரலை போல’ன்னுட்டுப் போறான்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தாள்.

“இங்க பாரு” என்றார். குரல் இறங்கிவிட்டது. “அந்த இன்னொரு படம் இருக்குமே. ஆறு மணிக்குள்ள மாத்திக்கலாமாம். போட்டோ எடுத்து அனுப்பேன்.”

“அதுலதான் நீங்க பேனா துடைச்சீங்க.”

மறுபக்கத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. வேறு யாருக்கோ வேறு யாரோ அச்சு அசலாக வந்திருப்பார்கள்.

“அப்ப நீயே புதுசா ஒண்ணு வரைஞ்சுடு” என்றார் மாஸ்டர். “கோடும் நீயே போடு. உனக்கு வரும், எனக்குத் தெரியும். கீழ என் கையெழுத்தைப் போட்டுரு. அதுவும் உனக்குப் போட வருமே.”

எனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து காத்திருந்த வார்த்தை கடைசியில் வந்துவிட்டது. வந்த விதத்தைக் கேட்டு அக்கா பக்கத்துக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். தெரியாத மனுஷன் என்று நினைத்திருந்த வரைக்கும் அவளுக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கமாவது இருந்தது.

“வரையறேன்” என்றாள். “கையெழுத்து என்னுதுதான் போடுவேன்.”

“அது எப்படி? ஒரே கைன்னு ரூல் இருக்கே. அசிங்கமாயிடும். என்னை வெளிய அனுப்பிருவாங்க.”

“ஆமா.”

“பைத்தியக்காரன் மாதிரி நடு மண்டபத்துல நின்னுட்டிருக்கேன், உனக்குப் புரியுதா இல்லையா?”

புரிந்தது. முகவாய் தூக்கியிருக்கும், கீழுதடு உள்ளே போயிருக்கும், கண் ஓரம் பக்கவாட்டில் போய் வரும். அவளுக்கு அந்த முகம் இங்கிருந்தே தெரிந்தது. பென்சிலை எடுத்தால் பத்து நிமிஷ வேலை.

“நில்லுங்க” என்றாள். “மூணு நாள்தானே. நின்னுட்டு வாங்க.”